நோயில்பூசுதலுக்காகக் காத்திருந்த மூன்று நாட்கள்

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போங்கள், வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். “எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு, பார்க்கிங் நேரம் முடியப் போகிறது என்று ஓடிய ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதை ஊருக்கெல்லாம் சொன்னவளே நான்தான்.

என் பெயர் பிலோமினா. மலேசியாவில், ஜோகூர் பாருவுக்குப் பக்கம் செனாயில் வீடு. பக்கத்திலேயே ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர் வேலை. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கிற குழுவில், ஜெபமாலை சொல்லித் தருவது நான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஃபாதருடன் போய் மெழுகுவர்த்தி பிடிப்பதும் நான்தான். இப்போது இதை எழுதும்போது என் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு டிக் டிக் என்று அடிக்கிறது. அமைதியான இடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது. பிழைத்துவிட்டேன். ஆனால் கோபம் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன அக்டோபரில் ஆரம்பித்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம், தினமும் ஒரு வீடு. ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தால் ஒரே மூச்சில் என் பாதியை முடித்துவிடுவேன், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். அந்த மாதம் பாதிக்குள்ளேயே எனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்தேன். பிறகு தொழிற்சாலைப் படிக்கட்டில் நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்தால் இருமல். மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரி தூங்கினேன். என் மகள் ஜெசிந்தாதான் பிடிவாதமாகக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. அன்றே ஜோகூர் பாருவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே ஸ்கேன்தான், நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார்கள். இளம் சீனப் பெண் டாக்டர், ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு கதவு, அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர். ரத்தம் வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். என்னுடையது தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, ஒரு விரற்கடைகூடத் திறக்கவில்லை. ரத்தம் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி நுரையீரலில் ஏறுகிறது, அதனால்தான் மூச்சு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வலியுமாகக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, எட்டு வயதில். தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஏதோ வெள்ளை மாத்திரை கொடுத்தார், ஆட்டம் போட ஓடிவிட்டேன். அந்தக் காய்ச்சல் நாற்பது வருஷம் என் நெஞ்சுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது!

நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, பழைய கதவை எடுத்துப் புதுக் கதவு வைக்க வேண்டும். டாக்டர் அதை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரர் சந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், “இதயத்த நிறுத்தினா, அப்புறம் எப்படி பிலோ…” என்று ஆரம்பித்து முடிக்காமல் மோட்டார் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

அதன்பிறகு ஐந்து மாதம் காத்திருப்பு அறைகள். காலை ஏழு மணிக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும், பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள், நான்கு நிமிடம் பேசுவார்கள். தொண்டை வழியாகக் குழாயை விட்டு இதயத்தைப் பின்னாலிருந்து பார்த்தார்கள், மூன்று நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. மணிக்கட்டில் ஊசி போட்டு இதயத்து ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சுக்கு எதற்குப் பல் என்று சண்டை போட்டேன். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கினால் புது வால்வில் போய் உட்கார்ந்துவிடுமாம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதில் எதற்கும் நான் இவ்வளவு கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஜெபம் நின்றுபோனதால்.

இதை எப்படிச் சொல்வது? காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், பகலில் மூவேளை ஜெபம், இரவு குடும்ப ஜெபமாலை. எனக்கு அது பல் தேய்ப்பது மாதிரி, செய்யாவிட்டால் வாய் நாறும். கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளுக்கு ஜெபம்தான் மூச்சு என்று நானே எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வார்டில் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. கல் கல்லாக மணி உருள்கிறது. ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை, ‘ஏன்?’ அதற்கு மேல் போகவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு மலாய் மாக்சிக், அதாவது வயதான அம்மா, முட்டியை மடக்க முடியாதவர். ஐந்து வேளையும் படுக்கையிலேயே உட்கார்ந்தபடி தொழுதுவிட்டு, முகத்தைத் தடவிக்கொண்டு நிம்மதியாகப் பிஸ்கட் சாப்பிடுவார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பொறாமை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அன்பியத்திலிருந்து ரீத்தா அக்கா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“பிலோ, ஆண்டவர் உன்னைய சோதிக்கிறாருன்னா உன்மேல அவ்ளோ பிரியம்னு அர்த்தம்.”

“அப்போ உங்கமேல பிரியமே இல்லையாக்கா? நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

அக்கா முகம் சுருங்கிவிட்டது. “பாத்தியா, இந்தக் கோவந்தான். ஜெபத்துல எங்கியோ கொற இருக்கு. நல்லா விசுவாசத்தோட கேட்டுப் பாரு, ஆப்ரேஷனே வேணாம்னு டாக்டரே சொல்லிருவாரு.”

வாயில் வந்ததை விழுங்கினேன். பல் பிடுங்கிய இடம் வேறு வலித்தது. ஆனால் அவர்கள் போனபிறகு எனக்கு அழுகையாக வந்தது. ஏனென்றால் இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன், வேறு வேறு வீடுகளில், வேறு வேறு கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று. அவர்களும் இப்படித்தான் என்னைத் திட்டத் தோன்றி விழுங்கியிருப்பார்களோ என்னவோ.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. என்னால் ஜெபிக்க முடியவில்லை என்றால், எனக்காக யாராவது ஜெபித்துத்தான் ஆக வேண்டும். அதற்குத்தானே நோயில்பூசுதல் இருக்கிறது. குருவானவர் வந்து தலையில் கை வைப்பார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசுவார். திருச்சபை முழுவதும் அவர் வாய் வழியாக நோயாளிக்காகக் கேட்கும். நோயாளி ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்திருந்தால் போதும். அந்தக் காலத்தில் சாகிற நேரத்தில்தான் பூசுவார்கள், அவஸ்தைப்பூசுதல் என்றே பெயர். இப்போது அப்படியில்லை, பெரிய ஆப்ரேஷனுக்கு முன்னால் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதையும் நான் ஊருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன்.

ஆப்ரேஷன் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் சந்திரனிடம் சொன்னேன். “ஃபாதர் லாரன்ஸுக்கு ஃபோன் பண்ணி, எனக்குப் பூசணும், சீக்கிரம் வரச் சொல்லுங்க. அது இல்லாம நான் உள்ள போகமாட்டேன்.”

“சரி பிலோ,” என்றார்.

திங்கள் மாலை பார்வையாளர் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. “சொன்னீங்களா?” “சொன்னேன், வேலையா இருக்காராம்.” செவ்வாய்க்கிழமை நர்ஸிடம் கெஞ்சித் தலை வாரி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. “மழைங்கறதால வரலையோ என்னவோ,” என்றார் சந்திரன். என் கண்ணைப் பார்க்காமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தார், ஆறு ஆரஞ்சு! யார் தின்பது?

புதன்கிழமை காலையில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாளைக்கு என் இதயத்தை நிறுத்தப் போகிறார்கள். இருபது வருஷம் இந்த ஃபாதரோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்கு என்று வரும்போது மழையா? ஃபோனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் போட்டேன். “ஃபாதர், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் மெழுகுவர்த்தியோட வந்தவ நான். எனக்குப் பூச உங்களுக்கு நேரமில்லல்ல? பரவால்ல. அடக்கப் பூசைக்காவது வாங்க.” மூச்சு வாங்க வாங்கப் பேசினேன். அனுப்பியும் விட்டேன். நர்ஸ் ஓடி வந்து, “ஜாங்கான் மாரா, புவான்,” என்று என் பிரஷரைக் காட்டினாள். கோபப்படக் கூடாதாம்!

பத்து நிமிடத்தில் ஃபாதரே கூப்பிட்டார்.

“பிலோமினா, நான் நேத்து வந்தேனேம்மா! அஞ்சரை மணிக்கு ஒங்க வார்டு மாடியில லிஃப்ட் கிட்ட நின்னேன். ஒங்க வீட்டுக்காரர்தான், அவளை ஐசியூவுக்கு மாத்திட்டாங்க ஃபாதர், யாரையும் விடமாட்டாங்க, நான் அப்புறம் சொல்றேன்னாரு. நான் கீழ சேப்பல் மாதிரி ஒரு மூலையில நின்னு ஒங்களுக்கு வேண்டிட்டுப் போனேன்.”

ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“இப்போ நான் மலாக்காவுல இருக்கேம்மா, குருக்கள் தியானம், சனிக்கிழமதான் வருவேன். கவலப்படாதீங்க, இங்கிலீஷ் பூசை வைக்கிற ஒரு சீன ஃபாதர் இருக்காரு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அனுப்புறேன். ஒங்க ஆப்ரேஷன் பதினோரு மணிக்குத்தானே?”

அன்று மாலை சந்திரன் வந்தார். கையில் சூடான மைலோ பானம் ஊற்றிய ஃபிளாஸ்க். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நான் ஐசியூல இருக்கேனாமே? இங்க யாரு அப்போ, என் ஆவியா?”

“பிலோ…”

“லிஃப்ட் வாசல்ல நின்னு ஒரு குருவானவருகிட்ட பொய் சொல்லிருக்கீங்க! மூணு நாளா நான் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த மனுஷன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். ஏங்க? ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார். “அவரு கையில அந்தச் சின்ன எண்ணெய்ப் பெட்டியப் பாத்தேன். வாய்ல வந்திருச்சி.”

“அது சாவுறதுக்கு இல்லங்க! சொகமாவுறதுக்கு! எத்தன வாட்டி சொல்லிருக்கேன்!”

“ஊருக்குத்தான சொன்ன,” என்றார் மெதுவாக. “எங்கிட்ட நீ சொன்னது வேற.”

சந்திரன் இந்துவாகப் பிறந்தவர். என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் அப்பா தோட்டத்து வீட்டில் சாகக் கிடந்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கே மறந்திருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

“ஃபாதர் வந்து ஒங்கப்பாவுக்குப் பூசிட்டுப் போனாரு. நீ வெளிய வந்து எங்கிட்ட என்ன சொன்ன? எண்ணெய் பூசியாச்சுங்க, இனிமே அப்பா இல்லன்ன. ஒரு மணி நேரத்துல போய்ட்டாரு. நான் அப்பதான் புதுசா வேதத்துக்கு வந்தவன் பிலோ. எனக்கு பைபிளும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீ சொன்னதுதான் எனக்கு வேதம்.”

அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் வருமே ஒரு கோபம், அது. இருபது வருஷமாக மெழுகுவர்த்தியும் கையுமாக ஊரெல்லாம் சுற்றிய நான், என் பக்கத்தில் படுத்திருந்த ஆளிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசினேனா? சொன்ன ஒரே பாடமும் தப்பு. ஆனால் அதையெல்லாம் ஒப்புக்கொள்கிற நிலையில் நான் இல்லை. “போங்க. எங்கிட்டப் பேசாதீங்க,” என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மைலோவைக் கப்பில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போனார். நான் குடிக்கவில்லை. மாக்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வார்டு நர்ஸ் சிஸ்டர் வந்து, “புவான், நீங்கதான் முதல் கேஸ்,” என்றார். முதலில் போக வேண்டிய நோயாளிக்குக் காய்ச்சலாம், தள்ளி வைத்துவிட்டார்கள். ஏழு மணிக்குத் தியேட்டர். எட்டு மணிக்கு ஃபாதர் வருகிறார் என்று மலாயிலும் இங்கிலீஷிலும் மன்றாடினேன். சிஸ்டர் நல்ல பெண், எங்கெங்கோ ஃபோன் செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன், பூசுதல் எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் லாரன்ஸ் கையாலேயே கிடைத்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அடுத்த ஞாயிறு என்று ஒன்று எனக்கு இருப்பதாக யார் சொன்னார்கள்?

ஜெபமாலையைக் கழற்றச் சொன்னார்கள். ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள். என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் சந்திரன். ராத்திரியே வந்து கீழே நாற்காலியில் படுத்திருந்திருக்கிறார், சட்டை அதேதான். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மல்லாந்து படுத்ததில் மூச்சு முட்டியது. உள்ளே பயம், கால் விரல்வரை பயம். ‘ஆண்டவரே’ என்றேன் மனதுக்குள். அடுத்த வார்த்தை வரவில்லை. இருபது வருஷம் ஊருக்கே ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் வெறுங்கையோடு போகிறேன் என்று அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, அவர்மேல், என்மேல், மேலே இருப்பவர்மேல்.

தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. “இதுக்கு மேல குடும்பத்தார் வரக் கூடாது,” என்றார் வண்டி தள்ளியவர், மலாயில்.

சந்திரன் குனிந்தார். “பிலோ, நான் சொல்லட்டா?”

வீட்டில் ஜெபம் என்றால் வாசல் பக்கம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற ஆள். சத்தமாகத் தனியாக ஜெபித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஞானஸ்நானத்துக்காக மனப்பாடம் செய்த ஒரே ஜெபம்தான் அவருக்கு முழுசாகத் தெரியும், ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம். என் நெற்றியில் கையை வைத்தார். அந்த நடைபாதையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, சத்தமாக ஆரம்பித்தார். அன்றாட உணவு கேட்கிற இடம்வரை நன்றாகத்தான் வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். மறக்கவில்லை. அடுத்து வருவது, எங்களுக்குத் தப்புச் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற இடம். அதை அவர் வாயால் என்னிடம் எப்படிச் சொல்வார்? கண்ணில் நீர் நிற்கிறது, என்னையே பார்க்கிறார்.

“என்சிக், போலே மாசுக்?” என்றார் வண்டிக்காரர். உள்ளே போகலாமா என்று கேட்கிறார்.

“துங்கு!” என்று கத்தினேன். பொறு என்று. எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை நானே சொன்னேன். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கி, கடைசிச் சொல்வரை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராத ஜெபம் அது.

“ஆமென்,” என்றார் சந்திரன், தேம்பிக்கொண்டே.

“இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு! அதுக்குள்ள என்ன ஆமென்?” என்று திட்டினேன். அதற்குள் வண்டி உள்ளே போய்விட்டது, கதவு மூடிக்கொண்டது.

ஜெசிந்தாதான் பிறகு சொன்னாள். ஐந்து மணி நேரம் அப்பா உட்காரவே இல்லையாம். அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்று, சோதனையில் விழவிடாதேயும், தீமையிலிருந்து காப்பாற்றும் என்கிற அந்த ரெண்டு வரியை மட்டும், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.